பதினாறரை சென்டிமீட்டர்

பம்மலில் ஷம்சாத்தின் வீட்டு மாடியில் நடந்த க்வில்ட் வகுப்பில் ஜாஸ்மினுக்கு ஊசியோடு எந்த வேலையும் இல்லை. பேசுவதுதான் வேலை. ஜப்பானிலிருந்து வந்திருந்த நோரிகோ தன் மொழியில் சொல்வதைத் தமிழிலும், எட்டுப் பெண்கள் தமிழில் சொல்வதை ஜப்பானிய மொழியிலும் மாற்றிச் சொல்ல வேண்டும். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டாள். மூன்று வாரத்துக்குள், வகுப்பு உள்ள நாளெல்லாம் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

நோரிகோவின் கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். ஜாஸ்மினும் அதே கம்பெனியில் ஆறு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். இரண்டு வருடமாகச் சேலையூர் வீட்டிலேயே இருந்தவளுக்கு, பழைய ஆபீசிலிருந்து அனிருத் போன் செய்தபோது மறுக்க மனம் வரவில்லை.

“வாரத்துக்கு ரெண்டு நாள்தான் அக்கா. அவங்க ஊர்ல பதினாறு வருஷம் கிளாஸ் எடுத்தவங்களாம். இங்க பெருங்களத்தூர் ஃப்ளாட்ல தனியா உக்காந்து நொந்து போயிருக்காங்க. நம்ம லேடீஸுக்குக் கத்துக்கொடுக்கணும்னு ஆசைப்படுறாங்க. நீங்க கூட இருந்தா நல்லா இருக்கும்.”

இடம் கொடுத்தவள் ஷம்சாத். நாற்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைப்பவள். கீழே அவள் கணவர் கரீம் தோல் பர்ஸ் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. செவ்வாய், வியாழன், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை.

முதல் நாள் நோரிகோ தான் ஊரிலிருந்து கொண்டுவந்த க்வில்டைப் பாயில் விரித்தாள். விரல் நீளத் துணித்துண்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு போர்வையாகியிருந்தன. நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் பிடித்துக்கொண்டு மேலே எறும்பு ஊர்வதுபோல் கைத்தையல். பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஷம்சாத் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அல்லாம் சரி, நம்மூரு வெயில்ல இத்த போத்திகினா வெந்துட மாட்டோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நோரிகோ ஜாஸ்மினைப் பார்த்தாள்.

“ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார்,” என்றாள் ஜாஸ்மின்.

நோரிகோ ஷம்சாத்துக்குத் தலை வணங்கி நன்றி சொன்னாள். அங்கேதான் ஆரம்பித்தது.

ஜாஸ்மினுக்கு அது பொய்யாகவே படவில்லை. கம்பெனியில் சேர்ந்த முதல் வருடத்தில் ஒன்று நடந்திருந்தது. துளசிங்கம் என்று ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், ஐம்பது வயதுக்காரர். ஒருநாள் ஜப்பானிய மேனேஜர் லைனில் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, “உன் தலையைத் தொப்பி மாட்டத்தான் வைத்திருக்கிறாயா?” என்று கத்தினார். புதிதாகச் சேர்ந்திருந்த ஜாஸ்மின் அதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னாள். துளசிங்கம் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு நடந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கேன்டீனில் ஒருவரும் மேனேஜரைக் குறை சொல்லவில்லை. “நீ கொஞ்சம் பாத்து சொல்லியிருக்கலாம்ல?” என்று ஜாஸ்மினைத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் முள் எடுத்துத்தான் பரிமாறினாள். ஆறு வருடமும் அதற்காகவே அவளுக்கு நல்ல பெயர்.

வகுப்பில் முள் நிறையவே இருந்தது. நோரிகோ பத்து ஐம்பதுக்கே மாடியேறிவிடுவாள். பெண்கள் அடுப்பை அணைத்து, தண்ணீர் பிடித்து, பதினொன்றே முக்காலுக்கு வருவார்கள். “பதினொன்று என்றால் பதினொன்று. என் நேரத்துக்கு மதிப்பில்லையா?” என்பாள் நோரிகோ. ஜாஸ்மின் அதை, “வெயில்ல வந்தீங்களே, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க,” என்று மாற்றுவாள். அருள்மேரி அக்கா, தோல் கையுறைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு நின்றவர், “வேணாம்னு சொல்லும்மா, டீ குடிச்சிட்டுதான் வந்தேன்,” என்பார். “மன்னிப்புக் கேட்கிறார்,” என்பாள் ஜாஸ்மின் நோரிகோவிடம்.

டிசம்பரில் கட்டம் தைக்க ஆரம்பித்தார்கள். எண்பது சதுரக் கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய க்வில்ட். ஜனவரி கடைசியில் கம்பெனியின் கலைவிழா மேடையில் அதைத் தொங்கவிட வேண்டும் என்பது நோரிகோவின் ஆசை. ஒவ்வொரு பெண்ணும் எட்டுக் கட்டம், மீதிப் பதினாறு நோரிகோ. ஒவ்வொன்றும் பதினாறரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்கும்போது ஓரத்தில் தையலுக்குள் போய்விடும் துணி நீங்கிப் பதினைந்து நிற்கும். இந்தக் கணக்கை ஜாஸ்மின் சரியாகத்தான் சொன்னாள். ஷம்சாத் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தாளே தவிர அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் நோரிகோ ஒவ்வொரு கட்டத்தின் மேலும் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஷம்சாத்தின் நாத்தனார் அஃப்ஷானுடையது மட்டும் பதினாறரை இருந்தது. மற்றதெல்லாம் பதினைந்து.

“இவை எல்லாமே தப்பு. பிரித்து, புதிதாக வெட்டிச் செய்ய வேண்டும்.”

ஜாஸ்மின் ஷம்சாத்தின் முகத்தைப் பார்த்தாள். பெருமையோடு காத்திருந்த முகம். துளசிங்கத்தின் தொப்பி நினைவுக்கு வந்தது.

“நல்லா வந்திருக்காம் அக்கா. அடுத்த தடவை மட்டும் அளவு கொஞ்சம் பாத்துக்கணுமாம்.”

“இருவத்திரண்டு வருசமா தெச்சிகினு கீறேன். கண்ணாலயே அளந்துடுவேன்னு சொல்லு அவங்களாண்ட.”

“அளந்து செய்கிறேன் என்கிறார்,” என்றாள் ஜாஸ்மின் நோரிகோவிடம்.

இதுபோல் மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் நோரிகோ திரும்பச் செய்யச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பெண்கள் பாராட்டு வாங்கிக்கொண்டு, அதே பதினைந்தில் அடுத்த கட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

வீடு திரும்பும்போது நோரிகோவின் காரில்தான் ஜாஸ்மின் தாம்பரம் வரை வருவாள். பல்லாவரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகராமல் நிற்கும்போது நோரிகோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள்: “சரி என்கிறார்கள். சிரிக்கிறார்கள். அப்புறம் தாங்கள் நினைத்ததையே செய்கிறார்கள். நான் சொல்வது அவர்களுக்கு விளையாட்டா?”

“பழகப் பழகச் சரியாகிவிடும்,” என்பாள் ஜாஸ்மின்.

ஷம்சாத்தோ மாடிப்படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்துவாள். “வாயில நல்லாகீதுன்னு சொல்லுது, மூஞ்சில பாத்தா இன்னாவோ செத்த வூடு மாதிரி கீது. எங்கள புடிக்கலன்னா சொல்லிட்டுப் போவட்டுமே. பேஜாரா கீது ஜாஸ்மினு.”

“அவங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அக்கா.”

இரண்டு பக்கமும் அவள் சமாளித்துக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர எரிச்சல்கூட இருந்தது.

ஜனவரி மூன்றாவது வியாழக்கிழமை, கட்டங்களைச் சேர்க்கும் நாள். காலையில் மகளுக்குக் காய்ச்சல். ஜாஸ்மின் வர முடியாது என்று நோரிகோவுக்குச் செய்தி அனுப்பினாள். பரவாயில்லை, போனில் மொழிபெயர்க்கும் ஆப் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. ஒரு நாள் ஓய்வு கிடைத்தது என்றுதான் ஜாஸ்மின் நினைத்தாள்.

பன்னிரண்டரைக்கு ஷம்சாத்தின் போன் வந்தது.

“நீ இத்தினி நாளா இன்னா சொல்லிகினு இருந்தே?”

“என்னக்கா ஆச்சு?”

“அந்தம்மா போன்ல பேசுது, போன் தமிழ்ல சொல்லுது. ‘நான் ஒவ்வொரு முறையும் இவை தவறு என்று கூறினேன்’னு சொல்லுது. ஒவ்வொரு முறையும்! நீ இன்னா சொன்னே? நல்லாகீதுன்னு சொன்னே. கெளம்பி வா. இப்பவே வா.”

காய்ச்சல் இறங்கியிருந்த குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஜாஸ்மின் பம்மல் போனாள். வழியெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நான் இல்லையென்றால் இவர்கள் இரண்டாவது வாரமே அடித்துக்கொண்டு பிரிந்திருப்பார்கள், அந்த நன்றி எங்கே போயிற்று என்று.

மாடியில் பாய் முழுக்கக் கட்டங்கள் கிடந்தன. முதல் இரண்டு வரிசையைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஒரு வரிசை நீளம், ஒன்று குட்டை. துணி இழுபட்டுச் சுருங்கி நின்றது. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நோரிகோ ஜன்னல் பக்கம் நின்றாள். அவள் கண் சிவந்திருந்ததை ஜாஸ்மின் முதல்முறையாகப் பார்த்தாள்.

“ஜாஸ்மின்-சான், நான் மூன்று முறை சொன்னேன். நீங்கள் சொன்னீர்களா?”

“கொஞ்சம் மென்மையாகச் சொன்னேன்.”

“சொன்னீர்களா?”

ஜாஸ்மின் பாயில் கிடந்த கட்டங்களைப் பார்த்தாள். பிறகு, “இல்லை,” என்றாள்.

நோரிகோ மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். “இரண்டு வருடமாக இந்த ஊரில் டிரைவரைத் தவிர யாரோடும் நான் பேசியதில்லை. இங்கே ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்தேன். இவர்கள் என்னை ஒரு விருந்தாளியாக உட்கார வைத்துத் தலையாட்டுகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் அவமானப்பட்டேன். அதைச் செய்தது இவர்கள் இல்லை. நீங்கள்.”

“இன்னா சொல்லுது?” என்றாள் ஷம்சாத்.

ஜாஸ்மின் குனிந்து, சுருங்கிக் கிடந்த துணியை நீவினாள்.

“இன்னா சொல்லுதோ அத்த அப்டியே சொல்லு. ஒன்னியும் வெட்டாதே. ஒட்டாதே.”

சொன்னாள். கடைசி வரியையும் சேர்த்துச் சொன்னாள். தன்னைத் திட்டியதைத் தானே மொழிபெயர்ப்பதுபோல் ஒரு கஷ்டம் வேறு இல்லை என்று தோன்றியது. ஷம்சாத் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

“இத்தயும் அவங்களாண்ட சொல்லு. கல்யாணப் பொண்ணுங்க என் கடைக்கு வந்து, கை புடிக்குது, கழுத்து எறங்குதுன்னு என் மூஞ்சிக்கு நேரா ஜாக்கெட்ட வுட்டெறிவாங்க. பொறுக்கி எடுத்து சரிபண்ணிக் குடுப்பேன். அழுதுகினு போயிட மாட்டேன். தப்புன்னா தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே? இல்லாத பாராட்ட வாங்கிகினு இந்தப் புள்ளைங்க முன்னாடி பெரிய மனுசி கணக்கா உக்காந்துகினு இருந்தேன் பாரு, அதான் கேவலமா கீது.”

ஜாஸ்மின் சொன்னாள். நோரிகோ ஷம்சாத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அப்புறம் இத்தயும் சொல்லு. மொத நாளே நான் கேட்டேன், இந்த வெயில்ல போர்வை எதுக்குன்னு. அதுக்கு இன்னா பதிலுன்னு எனக்கு இன்னும் தெரியல.”

நோரிகோ அதைக் கேட்டு ஒரு கணம் விழித்தாள். “எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் கோடையில் யாரும் போர்த்துவதில்லை. சுவரில் மாட்டுவோம். எனக்குச் செய்யப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் கண்ணளவு மோசம் என்றும் சொல்லுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. இருபத்திரண்டு வருடம் தைத்தவர் ஸ்கேல் எடுக்கக் கூசக்கூடாது.”

ஜாஸ்மின் அதைச் சொன்னபோது அருள்மேரி அக்கா, “ஐயோ ஆண்டவரே,” என்று நெஞ்சில் கை வைத்தார். ஷம்சாத் ஒரு கட்டத்தைக் கையில் எடுத்தாள். கழுத்திலிருந்த டேப்பை இழுத்து அளந்தாள். இன்னொன்றை எடுத்து அளந்தாள்.

“ஆமா,” என்றாள். “கம்மிதான்.”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஐம்பத்தாறு கட்டம் தப்பு. புதிதாக வெட்டத் துணி இல்லை. நோரிகோ எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றாள். பிரித்தாலும் துணி வளராது என்றாள் ஷம்சாத். ஜாக்கெட் பிடித்தால் பட்டி வைத்துத் தைப்பதுபோல் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டும் மூன்று சென்டிமீட்டரில் ஒரு பட்டி கொடுத்தால், தையலுக்குள் போவது போகப் பதினாறரை வந்துவிடும் என்று டேப்பை மடக்கிக் காட்டினாள். வேண்டாம், வடிவம் கெட்டுப்போகும் என்றாள் நோரிகோ. கெடாது, போட்டுக் காட்டட்டுமா என்றாள் ஷம்சாத். ஒரு மணி நேரம் இருவரும் இப்படியே மோதிக்கொண்டார்கள். ஜாஸ்மின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அப்படியே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனாள். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கடைசியில் ஷம்சாத் ஒரு கட்டத்துக்குப் பட்டி வைத்தே தைத்துக் காட்டினாள். நோரிகோ ஸ்கேலை வைத்தாள். பதினாறரை. தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள்.

“அசிங்கமாக இல்லை,” என்றாள்.

“அசிங்கமா இல்லையாம்,” என்றாள் ஜாஸ்மின்.

“அதுக்கு மேல சொல்லலியா? சரி, போதும்,” என்றாள் ஷம்சாத்.

கலைவிழாவுக்கு க்வில்ட் தயாராகவில்லை. மேடையில் வழக்கம்போல ஃப்ளெக்ஸ் பேனர்தான் தொங்கியது. நோரிகோவின் கணவருக்கு அதில் வருத்தம் என்று அனிருத் போன் செய்து, “உங்களை நம்பித்தானே அக்கா விட்டேன்,” என்றான். ஜாஸ்மின் போனை வைத்தாள்.

சண்டை நடந்த அந்த வியாழக்கிழமை, காரில் தாம்பரம் வரும் வரை நோரிகோ ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். “செவ்வாய்க்கிழமை வாருங்கள். சொன்னதை அப்படியே சொல்ல முடியாதென்றால் வர வேண்டாம்.” வரக்கூடாது என்றுதான் ஜாஸ்மின் முதலில் நினைத்தாள். திங்கட்கிழமை இரவுவரை அதே முடிவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, போகாவிட்டால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வராத துளசிங்கத்தைப்போல ஆகிவிடுமே என்று பட்டது. போனாள்.

அடுத்த வாரங்கள் அவளுக்குச் சுலபமாக இல்லை. ஷம்சாத் அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. “இத்த சொல்லு,” “அத்த கேளு,” அவ்வளவுதான். வகுப்பில் தினமும் சண்டை. நேரத்துக்கு வருவதில் சண்டை, நூல் முடிச்சில் சண்டை. ஆனால் பெண்கள் பதினொன்று ஐந்துக்கு வர ஆரம்பித்தார்கள். நோரிகோவும் பதினொன்று ஐந்தைப் பதினொன்றாக ஏற்றுக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி அவள் நடுவிரல் காய்த்திருப்பதைப் பார்த்த ஷம்சாத், கீழே கரீமிடம் சொல்லி மெல்லிய தோலில் ஒரு விரலுறை செய்து வாங்கி, அவள் பக்கம் தள்ளினாள். நோரிகோ போட்டுப் பார்த்துவிட்டு, இறுக்கமாக இருக்கிறது என்று சைகையில் காட்டினாள். ஷம்சாத் தலையில் அடித்துக்கொண்டு கீழே போய் வேறொன்று செய்து வாங்கி வந்தாள்.

ரம்ஜான் நோன்பு மாதத்திலும் வகுப்பு நடந்தது. பெருநாளன்று நோரிகோ ஷம்சாத் வீட்டில் பிரியாணி சாப்பிட்டாள் என்பது ஜாஸ்மினுக்கு நான்கு நாள் கழித்து அஃப்ஷான் சொல்லித்தான் தெரிந்தது. ஆப் வைத்துக்கொண்டே பேசினார்களாம். பாதி தப்பும் தவறுமாக வந்ததாம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். ஜாஸ்மின் சிரிக்க முயன்றாள். தன்னைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அன்று முழுக்க மனசு அறுத்துக்கொண்டிருந்தது. கணவன் பென்னியிடம் சொன்னபோது, “உனக்குச் சம்பந்தமில்லாம அவங்க பேசிக்கறது நல்லதுதானே?” என்றான். நல்லதுதான். அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

ஏப்ரலில் எண்பது கட்டமும் சேர்ந்துவிட்டன. சுற்றிலும் கரை வைக்க வேண்டும். நோரிகோ சாம்பல் நிறத் துணியை எடுத்து வைத்திருந்தாள். ஷம்சாத் பளபளக்கும் ராணி கலரைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் ஓரத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அரை மணி நேரம் ஓடியது. கரண்ட் வேறு போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எல்லோரும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இது செத்த வூட்ல போத்துற மாதிரி கீதுன்னு சொல்லு.”

சொன்னாள்.

“அந்த நிறம் கட்டங்களை விழுங்கிவிடும் என்று சொல்லுங்கள்.”

சொன்னாள்.

“சொல்லிகினே கீறியே,” என்று ஷம்சாத் திடீரென்று திரும்பினாள். “உனக்கு ரெண்டு கண்ணு கீதில்ல? நீ இன்னா நெனைக்கிறே?”

ஆறு மாதத்தில் அந்த அறையில் அவளை யாரும் கேட்காத கேள்வி. ஜாஸ்மின் இரண்டு துணியையும் பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாம். வாயில் அப்படித்தான் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“ரெண்டுமே நல்லா இல்லக்கா,” என்றாள். அதையே திரும்பி ஜப்பானிய மொழியில் நோரிகோவுக்கும் சொன்னாள்.

நோரிகோவும் ஷம்சாத்தும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப இன்னா வெக்கலாம்? சொல்லிட்டு சும்மா நின்னா எப்டி?”

ஜாஸ்மின் குனிந்து வெட்டுத்துணிப் பையைக் கொட்டிக் கிளறினாள். கை நீளத்துக்கு ஒரு கடுகு மஞ்சள் காட்டன் துண்டு கிடைத்தது. ஓரத்தில் வைத்தாள். நோரிகோ குனிந்து பார்த்தாள். ஷம்சாத் கண்ணைச் சுருக்கினாள். “பரவால்ல,” என்றாள் ஒருத்தி. “மோசமில்லை,” என்றாள் இன்னொருத்தி. ஆனால் துணி போதாது. சுற்றி வர ஆறு மீட்டராவது வேண்டும்.

மூவரும் படியிறங்கி மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். முதல் கடையில் அந்த மஞ்சள் இல்லை. இரண்டாவது கடையில் இருந்தது பாலியஸ்டர். நோரிகோ விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். மூன்றாவது கடைக்காரர் நாளைக்கு வரும் என்றார். நேற்றும் அவர் இதையேதான் இன்னொருவரிடம் சொன்னார் என்றாள் ஷம்சாத். வெயில் மண்டையைப் பிளந்தது.

“பல்லாவரம் போயிப் பாக்கலாமா?” என்றாள் ஜாஸ்மின். அப்படியே நோரிகோவிடமும் சொன்னாள்.

நோரிகோவின் கார் ஒரு மணிக்குத்தான் வரும். ஷம்சாத் கையைக் காட்டி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. மூன்று பேரும் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள்.